போமட் அடிக்க முதல், கொன்றது ஆர் என்று பாருங்கோ

எனக்குத் தெரிஞ்ச கடை ஒன்றில் ஒரு கணக்கு மென்பொருள் ஓடுது. அது எக்செலைத் திறந்து அறிக்கை எடுத்துவிட்டு, எக்செலை மூடும். கொஞ்ச நாளாக, மூடுகிற நேரம் பார்த்துத் தானே விழுந்துபோகுது. வந்த டெக்னீசியன் சொன்ன வைத்தியம் வழமையானதுதான்: "போமட் அடிப்பம்." வைரஸ் என்றார், ராம் காணாது என்றார். ஈவென்ட் வியூவரை மட்டும் ஒருத்தரும் திறக்கேல்லை. எந்த நிரல், எந்த மொடியூலில் விழுந்தது என்று அங்கே 1000 என்ற இலக்கத்தின் கீழ் எழுதிக் கிடக்கும். தொங்கிப்போனது என்றால் 1002.

உண்மையில் நடந்தது என்ன? எக்செலிடமிருந்து வாங்கிய பொருள்களைத் திருப்பி விடுவிக்காவிட்டால், 'மூடு' என்று சொன்ன பிறகும் அது பின்னணியில் உயிரோடு நிற்கும். அதைத் திருத்தப் பஞ்சிப்பட்டு, எழுதினவர் 'டாஸ்க்கில்' கட்டளையைப் பலவந்தமாகப் போட்டுவிட்டார். அதுவும் எக்செல் என்ற பெயரைக் கொடுத்து! பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் ஓடுகிற எல்லாமே சாகும். காசாளர் பிள்ளை சேமிக்காமல் அடிச்சுக்கொண்டிருந்த சம்பளப் பட்டியலும் அதோடை போச்சு.

பலவந்தமாகக் கொல்லப்படுகிற நிரலுக்குச் சேமிக்கவோ துப்புரவாக்கவோ ஒரு கணமும் கிடையாது. கொன்ற நிரலும் தப்பாது. செத்த எக்செலை அது திரும்பக் கூப்பிடும். பதில் வராது, பிழைதான் வரும். அந்தப் பிழையைப் பிடிக்க வழி எழுதியிருக்காவிட்டால் தானும் விழும். பழி மட்டும் வின்டோஸுக்கு.

தொங்கிப்போன நிரலை வேறெப்படி மூடுறது என்று கேட்பீங்கள். நியாயம்தான், கடைசி வழியாகப் பலவந்தம் வேணும். ஆனால் "சேமிக்கவா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிற நிரல் தொங்கிப்போன நிரல் இல்லை. அதுக்கு ஐந்து செக்கன் குடுத்துவிட்டுக் கழுத்தை நெரிக்கிறதுக்குப் பெயர் சோம்பல். முதலில் மூடச்சொல்லிக் கேளுங்கோ. ஜன்னல் மறைஞ்சால் போதாது, செயல்முறை முழுக்க முடியுமட்டும் காத்திருங்கோ. அதுக்குப் பிறகும் நிண்டால், நீங்கள் திறந்ததை மட்டும் அதன் செயல்முறை இலக்கத்தைக் கொடுத்து நிறுத்துங்கோ. சந்தேகமெண்டால், மூடுகிற அந்த ஒரு வரியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கோ. விழாவிட்டால் குற்றவாளி கையிலை.

அந்தப் பிள்ளை இரவு எட்டு மணிமட்டும் இருந்து சம்பளப் பட்டியலைத் திருப்பி அடிச்சது. மென்பொருள் எழுதினவர் அடுத்த கிழமை பராமரிப்புக் காசுக்கு வந்து நிண்டார்.