தேனும் கரியணுவின் சாட்சியமும்

கலப்படத் தேனின் விலைக்கே நல்ல தேனையும் விற்க வேண்டியிருக்கிறதே என்பது தேனீ வளர்க்கும் அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கூறும் குறை. நாவில் இட்டோ, தண்ணீரில் சொட்டு விட்டோ கலப்படத்தைத் தீர்மானிக்க இயலாது. விஞ்ஞானம் வேறு வழி காட்டியுள்ளது.

இயற்கையில் கரியணுக்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 99 எடை 12 உடையவை. எஞ்சியது எடை 13. இரண்டும் சிதையாது நிலைத்திருப்பவை. கரியமில வாயுவை உட்கொள்ளும் முறை செடிக்குச் செடி வேறுபடுவதால், புளி, முருங்கை, ரப்பர் முதலியவற்றைவிடக் கரும்பும் மக்காச்சோளமும் கனத்த கரியைச் சற்று மிகுதியாகக் கொள்கின்றன. ஆகவே கரும்புச் சர்க்கரை கலந்தால் தேனின் விகிதம் மாறுகிறது. தேனிலுள்ள சிறிதளவு புரதமோ மாறுவதில்லை; அதனோடு ஒப்பிட்டே கலப்பைக் கணிக்கிறார்கள். நம் நாட்டு விதிப்படி இவ்வகைச் சர்க்கரை 7 சதவீதத்தை மிஞ்சலாகாது.

நெல் இவ்விஷயத்தில் புளியோடு சேர்ந்தது. எனவே அரிசிப் பாகு இச்சோதனைக்குத் தப்பிவிடும். அதற்கு வேறு சோதனைகள் உண்டு.

நம் கவலை வேறொன்று. மழைக் காலத்தில் தேனீக்களுக்கு ஊட்டும் சர்க்கரைப் பாகு அடையில் தங்கிவிட்டால், வஞ்சமறியாத அங்கத்தினரும் குற்றவாளியாகத் தென்படுவார். அவர் பொருட்டு ஒரு பீப்பாய்த் தேனே தள்ளுபடியாகலாம். ஆதலின், பூக்காலம் தொடங்குமுன் பாகூட்டலை நிறுத்துதலும், எல்லோருடைய தேனையும் ஒன்றாக ஊற்றுமுன் அவரவர் மாதிரியைப் பெயரிட்டுச் சீசாவில் வைத்தலும் சங்கங்கள் உடனே மேற்கொள்ளத்தக்கன. சோதனைச் செலவைச் சங்கமே ஏற்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். பத்துப் பெட்டி வைத்திருப்பவரால் அது தாங்கக்கூடியதன்று.