படத்தில் வராத மேஸ்திரி

தளியைச் சுற்றியுள்ள ரோஜாப் பசுமைக்குடில்கள், கல் குவாரிகள், சற்றுத் தள்ளி ஓசூர் சிப்காட் ஆலைகள் என எங்கும் ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். அவர்களைத் தேடிக் கேமராக்களும் வருகின்றன. தகரக் கொட்டகை, தண்ணீர்க் குடங்களின் வரிசை, தாயின் இடுப்பில் அழும் குழந்தை. பார்ப்பவர் மனம் இளகுகிறது. ஆனால், இந்தக் குடும்பம் ஏன் ஊரைவிட்டு வந்தது என்பதற்கு அந்தப் படங்களில் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. முன்பணம் கொடுத்து அழைத்துவந்த மேஸ்திரி படத்தில் இல்லை. பேசிய கூலிக்கும் கைக்கு வந்த கூலிக்கும் இடையிலான வித்தியாசமும் இல்லை.

காரணத்தை விட்டுவிட்டுத் துயரத்தை மட்டும் படமெடுக்கும் இந்தப் பழக்கத்துக்கு நம் மண்ணிலேயே நீண்ட வரலாறு உண்டு. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது ஓசூர் அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. மதராஸ் படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் அப்போது எடுத்த படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பப் படத்துக்கு உட்காரவைப்பதுபோல் வரிசையாக உட்காரவைத்திருக்கிறார். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததும் அந்தப் படங்களில் தெரியாது. வானம் பொய்த்ததால் மட்டுமே அவர்கள் அப்படி ஆனார்கள் என்று நம்பவைக்கின்றன அந்தப் படங்கள். பின்னாளில், 1886இல் மாந்தளேயில், கைதிகளைச் சுட்டுக்கொல்லும் கணத்தைப் படம்பிடிக்க முயன்று கண்டனத்துக்கு ஆளானவரும் இதே ஹூப்பர்தான்.

படங்கள் உதவியைக் கொண்டுவருகின்றனவே என்று கேட்கலாம். உண்மை, அதை நான் மறுக்கவில்லை. 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து பயிர் கருகியதால் பட்டினி கிடந்த ஒரு தாயை டோரத்தியா லாங்கே படமெடுத்தார். படம் வெளியானதும் முகாமுக்கு உணவு வந்து இறங்கியது. ஆனால், அதற்குள் அந்தத் தாய் குழந்தைகளுடன் வேறிடம் போய்விட்டார். உலகமே அறிந்த அந்த முகத்துக்கு உரியவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எந்தப் பலனும் இல்லை என்பது அவரது மனக்குறை. பெயரைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது ஒரு தொழிலாளி தலையசைப்பதைச் சம்மதம் என்று ஏற்க முடியாது. மறுத்தால் வேலை போகும், பேசினாலும் போகும். எடுத்த படம் எங்கே, என்ன குறிப்போடு போய்ச்சேரும் என்பதும் அவர் கையில் இல்லை. 2023 மார்ச்சில், வேறெங்கோ நடந்தவற்றின் காணொளிகள் தமிழ்நாட்டில் பிஹாரிகள் தாக்கப்படுவதாகப் பொய்க்குறிப்புடன் பரவியதையும், தொழிலாளர்கள் அஞ்சி ரயிலேறியதையும் பார்த்தோம்.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புகைப்படத்தைக் கட்டாயமாக்கியது. ஒப்பந்தக்காரர் தரவேண்டிய பாஸ்புக்கில் தொழிலாளியின் படம் ஒட்டியிருக்க வேண்டும் என்றது. கூடவே கூலி விகிதம், வேலைக் காலம், இடப்பெயர்வுப் படி, ஊர் திரும்பும் செலவு எல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. முகமும் கணக்கும் ஒரே ஏட்டில்! ஓர் ஆவணப் படத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சட்டத்தை உள்ளடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இடப்பெயர்வுப் படி இல்லாமல்போனதைச் சொல்லும் படம் ஒன்றையாவது நம் புகைப்படக்காரர்கள் எடுத்திருக்க வேண்டும்.

வேறு வழியில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். 2022இல் முதலாவது தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்ற எம்.பழனிகுமார், தூய்மைப் பணியாளர்களின் துயரத்தைப் பல ஆண்டுகள் பதிவுசெய்தவர். மீன் விற்றுத் தன்னை வளர்த்த தாயையும் படமெடுத்தவர். விளிம்புநிலைக் குடும்பங்களின் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார்.

தளியில் அப்படி ஒரு பயிற்சி நடத்த விடுமுறை நாளில் ஓர் அரசுப் பள்ளி வகுப்பறை கிடைத்தால் போதும். எடுத்த படங்களை ஓசூரில் காட்சிக்கு வைக்கும்போது குறிப்புகள் தமிழில் மட்டுமல்லாமல் ஒடியாவிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். படத்தில் இருப்பவர் வந்து பார்த்து, வேண்டாம் என்றால், அதை இறக்கிவிட வேண்டும்.