நாலு ஓட்டை பொருந்தினால் போதுமா?



பானை வாங்கினால் மூடியை வைத்துப் பார்த்துத்தான் வாங்குவீர்கள். பிள்ளைக்கு வளையல் என்றால் இரண்டே நாலா, இரண்டே ஆறா என்று அளவு கேட்காமல் காசை நீட்டமாட்டீர்கள். ஆனால் வீட்டுக் காருக்குச் சில்லு மாற்றும் பேச்சு வந்தால் மட்டும், "அது ஆம்புளைகள்ட வேலை" என்று ஒதுங்கிக் கொள்கிறீர்கள். கணவர் கத்தாரிலோ சவூதியிலோ இருக்கிறார். காரை ஓட்டுவது தம்பியோ மூத்த மகனோ. பணத்தை எண்ணிக் கொடுப்பது நீங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து போவது உங்கள் பிள்ளைகள். அப்படியிருக்க, அது எப்படி உங்கள் வேலை இல்லாமல் போகும்?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

புத்தூர்ச் சந்தியில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒரு பாதை கோப்பாய் வழியாக யாழ்ப்பாணம் போகிறது. ஒன்று வல்லை வெளியைத் தாண்டிப் பருத்தித்துறைக்குப் போகிறது. ஒன்று நிலாவரைப் பக்கமாகச் சுன்னாகத்துக்கு. இன்னொன்று மீசாலைக்குப் போய் ஏ-9 வீதியோடு சேர்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுசுகி ஆல்டோ, வெகன் ஆர், டொயோட்டா விட்ஸ் போன்ற சிறிய கார்கள் கண்ணில் படும். பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் ரகம். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பகுதியில் குடியேறிய நம் உறவுகள், அநுராதபுரம், வவுனியா தாண்டி ஊர் பார்க்க வருவதும் இப்படியான கார்களில்தான். ஐந்து பேர், அரிசிப் பை, பாய், பெட்டி எல்லாம் அந்த நாலு சிறிய சில்லின் மேல்!

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருக்கிற காரையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. குழியில் விழுந்து வளைந்த ரிம், துருப்பிடித்த ரிம், காற்று நிற்காத ரிம் இவற்றுக்கு மாற்றுத் தேடினால், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருந்து நம் ஊர் டயர் கடை வரைக்கும் பாவித்த ரிம்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "நாலு ஓட்டை, உங்கட காருக்கும் நாலு ஓட்டை, நல்லா ஏறும்" என்பார்.

ஏறும், உண்மைதான். ஆனால் ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்து கொண்டால், கடையில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

ஒரு புள்ளியின் வித்தியாசம்

மதரஸாவில் ஜீம், ஹா, ஃகா என்ற மூன்று எழுத்துக்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். மூன்றுக்கும் உருவம் ஒன்றுதான். புள்ளி மட்டும் வேறு. அந்தப் புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். சில்லின் கதையும் அதுதான்.

சில்லைக் காரோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கின்றன. அந்த வட்டத்தின் குறுக்களவை பீ.சீ.டி. என்பார்கள். நாலு ஓட்டை ரிம்மில் இதை அளப்பது சுலபம். எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்தால் போதும். வெகன் ஆர், விட்ஸ், ஹொண்டா ஃபிட் ஆகியவற்றில் இது 100 மி.மீ. பழைய மாருதி 800இல் 114.3 மி.மீ. பழைய ஃபியட் கார்களில் 98. ஃபோர்ட், பியூஜோ சிறிய கார்கள் பலவற்றில் 108. டாட்டா நானோவுக்கோ மூன்றே மூன்று நட்டுத்தான்!

114.3 அளவு ரிம் 100 அளவுக் காரில் ஏறவே ஏறாது. அதனால் ஆபத்தும் இல்லை. ஆபத்து மயிரிழை வித்தியாசத்தில்தான் இருக்கிறது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர் காரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் அளவு ஆங்கிலேயரின் நாலு அங்குலம், அதாவது 101.6 மி.மீ. அதிலே 100 மி.மீ. ஜப்பான் ரிம்மை வைத்தால், நட்டை இறுக்க இறுக்க ஒரு மாதிரி உள்ளே போய்விடும். கிடைத்ததை வைத்துச் சமாளிப்பது இந்த மண்ணின் திறமை. ஆனால் சமாளிப்பதற்கு ஏற்ற இடம் சில்லு அல்ல. 1.6 மி.மீ. வித்தியாசத்தால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும். நட்டின் கூம்பு ஓட்டையில் முழுமையாக உட்காராது. ஓட ஓட நட்டு தளரும், போல்ட் களைத்துப் போகும், கடைசியில் ஒடியும். அது வீட்டு வாசலில் ஒடிவதில்லை. ஏ-9 வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒடியும்.

நடு ஓட்டையும் நட்டும்

அடுத்து ரிம்மின் நடுவில் உள்ள பெரிய ஓட்டை. காரின் ஹப் அதற்குள் போய் உட்கார வேண்டும். சுசுகி, டொயோட்டா சிறிய கார்களில் இது 54.1 மி.மீ., ஹொண்டாவில் 56.1 மி.மீ. ஹொண்டா ரிம்மை வெகன் ஆர் காரில் மாட்டினால் ஏறும், ஆனால் நடுவில் 2 மி.மீ. இடைவெளி இருக்கும். சில்லு நடுவில் நிற்காமல் சற்று விலகி நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும். இதற்கென்று வளையம் விற்கிறார்கள். சரியான அளவு வளையம் போட்டால் குறை தீரும். மறுபக்கம், விட்ஸ் ரிம் ஹொண்டாவின் ஹப்பில் ஏறாது. "கொஞ்சம் அராவினால் சரி" என்று கடையில் சொன்னால், நன்றி சொல்லி விட்டு வெளியே வந்து விடுங்கள்.

இனி நட்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சுசுகி, நிஸான் சிறிய கார்களின் போல்ட் 12 மி.மீ. தடிப்பு, புரிக்குப் புரி 1.25 மி.மீ. டொயோட்டா, ஹொண்டா, மஸ்டா கார்களில் தடிப்பு அதே 12 மி.மீ., ஆனால் புரி இடைவெளி 1.5 மி.மீ. கண்ணால் பார்த்தால் தெரியாது. விட்ஸ் ரிம்மோடு வந்த நட்டை வெகன் ஆர் போல்ட்டில் போட்டால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று போய் நின்றுவிடும். கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். புரியையும் அறுத்துக்கொண்டு போகும்! ஆகவே முதலில் நட்டைக் கைவிரலால் மட்டும் சுற்றச் சொல்லுங்கள். விரலால் ஆறேழு சுற்று தடையின்றிப் போனால்தான் அது உங்கள் காரின் நட்டு.

நட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலான நட்டுகளின் அடி கூம்பு வடிவம். ஹொண்டா நிறுவனத்தின் சொந்த ரிம்களுக்கு உருண்டை அடி. டொயோட்டாவின் அலோய் ரிம்கள் பலவற்றுக்குத் தட்டையான அடியும் வாஷரும். கூம்புக்குக் கூம்பு, உருண்டைக்கு உருண்டை, தட்டைக்குத் தட்டை. இதை மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் நிற்காது.

வெளியே தள்ளும் சில்லு

"சில்லு கொஞ்சம் வெளியே தெரிஞ்சா கார் வடிவா இருக்கும் உம்மா" என்று மகன் சொல்வான். அந்த வடிவுக்கு என்ன விலை என்று பாருங்கள்.

ரிம்மின் உட்பக்கம் ஈ.டி. 45, ஈ.டி. 35 என்று பொறித்திருக்கும். ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். உங்கள் காரின் ரிம் 4.5 அங்குல அகலம், ஈ.டி. 45 என்று வையுங்கள். கடையில் காட்டுவது 5.5 அங்குலம், ஈ.டி. 35. அகலம் ஓர் அங்குலம் கூடியதால் இருபக்கமும் 12.7 மி.மீ. கூடும். எண் குறைந்ததால் இன்னும் 10 மி.மீ. வெளியே வரும். மொத்தம் 22.7 மி.மீ. வெளியே! ஆட்கள் ஏறிக் கார் தாழ்ந்தால் டயர் மட்கார்டில் உரசும். ஹப் பெயரிங்கில் பாரம் கூடும். ஸ்டீயரிங் குணம் மாறும். எண் மிகவும் கூடினால் இதற்கு எதிர்மாறாக, உட்பக்கம் பிரேக்கிலோ ஷொக் அப்சோபரிலோ முட்டும். பழைய எண்ணுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது.

டயரின் கணக்கு

ரிம் மாறினால் டயரும் மாறக்கூடும். டயரில் 155/65 ஆர் 14 என்று இருந்தால், 155 என்பது மி.மீ. அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் உயரம் என்பது. 14 என்பது ரிம்மின் அங்குலம். இந்த வெகன் ஆர் டயரின் முழு உயரம் ஏறக்குறைய 557 மி.மீ. இதற்குப் பதிலாக 165/55 ஆர் 15 போட்டால் 562 மி.மீ. வரும். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுதான், தாராளமாகப் போடலாம். ஆனால் விட்ஸ் காரின் 165/70 ஆர் 14 டயர் 587 மி.மீ. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடுகிறது. மீட்டர் 60 காட்டும்போது கார் 63இல் ஓடும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் உரசவும் கூடும். நூற்றுக்கு மூன்றுக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

அளவுக்குப் பக்கத்திலேயே 75 என்பது போல் ஓர் எண் இருக்கும். அது அந்த ஒரு டயர் தாங்கும் பாரம். 75 என்றால் 387 கிலோ, 73 என்றால் 365 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறைந்ததை வாங்கவே கூடாது. காரின் சரியான டயர் அளவும் காற்று அளவும் சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஜப்பான் எழுத்து புரியாவிட்டாலும் எண்கள் புரியும். டயரின் வயதை அறிய, ஓரத்தில் உள்ள நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

கடைக்குப் போகுமுன்

ஒரு துண்டுக் கடதாசியில் உங்கள் காரின் எண்களை எழுதி வையுங்கள்: ஓட்டையும் பீ.சீ.டி.யும், நடு ஓட்டை, ரிம்மின் அகலமும் ஈ.டி.யும், நட்டின் புரியும் அடியும், டயர் அளவும் பார எண்ணும். கழற்றிய பழைய ரிம் ஒன்றைக் கையோடு கொண்டு போனால் இன்னும் நல்லது. தம்பியையோ மகனையோ கடைக்கு அனுப்பினாலும் இந்தத் துண்டைக் கொடுத்தே அனுப்புங்கள். சாமான் வாங்கத் துண்டு எழுதிக் கொடுப்பதில்லையா? அதுபோலத்தான்.

பாவித்த ரிம் என்றால், டயர் போடுமுன் பாலன்ஸ் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆடினால் வளைவு. உட்பக்கத்தைத் துடைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்போ, ஒட்டு வைத்த தழும்போ, புதிதாகப் பெயின்ட் பூசி மறைத்த இடமோ இருந்தால் வேண்டாம். குறையை மறைத்து விற்பது கூடாது என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டுத் தெரிந்து கொள்வது வாங்குபவரின் பொறுப்பு. ஜப்பான் அலோய் ரிம்மில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை உண்டா என்றும் பாருங்கள்.

மாட்டிய பிறகு, பின் சீட்டில் ஆட்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். புரியில் எண்ணெய் பூசக்கூடாது. இறுக்கத்தின் அளவு சுசுகிக்கு 85, டொயோட்டாவுக்கு 103, ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர். அளவு காட்டும் ஸ்பேனர் உள்ள கடையாகப் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். ஸ்பெயார் சில்லு பழைய ரிம்மாகவே இருந்தால், அதற்குரிய பழைய நட்டுகளைப் பையில் கட்டி டிக்கியில் போட்டு வையுங்கள். பஞ்சர் ஆகும் இரவில் அதன் அருமை தெரியும்.

இவ்வளவும் தலை சுற்றுகிறதா? அப்படியானால் மிகச் சுலபமான வழி ஒன்று உண்டு. உங்கள் காரின் அதே மொடலில், அதே ஆண்டு ரகத்தில் கழற்றிய சாதாரண இரும்பு ரிம்மைத் தேடி வாங்குங்கள். மினுக்கம் இராது. ஆனால் அளவு பார்க்கும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கையில் இருக்கிற காசுக்குள் அடங்கவும் செய்யும். அந்த மிச்சக் காசில் நல்ல டயர் போடலாம்.

சில்லு வாங்கும் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் வந்தால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.