எந்த டிஸ்க்கைக் கழற்றப் போகிறீர்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, மானிட்டர் எத்தனை அங்குலம் என்று பல கேள்விகள் கேட்கிறோம். இவற்றில் எது கெட்டுப் போனாலும் கடைக்குச் சென்று வேறு ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். ஹார்ட் டிஸ்க் மட்டும் அப்படி அல்ல. டிஸ்க் கடையில் கிடைக்கும். அதில் இருந்த குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இந்தப் பயத்தினால்தான் வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் ரெய்ட் என்ற சொல் இப்போது அடிபடுகிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் பதிந்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி, வீட்டில் உள்ள அனைவரும் பைல்களைச் சேமிக்கும் சர்வராகப் பயன்படுத்துகிறார்கள். வேறு சிலர் இதற்கென்றே விற்கப்படும் நாஸ் பெட்டியை வாங்குகிறார்கள். சினாலஜி, க்யூநாப் போன்ற பெட்டிகளுக்கு உள்ளே ஓடுவதும் லினக்ஸின் சாப்ட்வேர் ரெய்ட்தான். அமைத்து முடித்ததும், “ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று இருக்கிறது, இனிக் கவலை இல்லை” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

இந்த நிம்மதி பாதிதான் சரி என்பது என் கருத்து. ரெய்டுக்கு உண்மையான சோதனை, டிஸ்க் கெடும் நாளில் வருவதில்லை. கெட்ட டிஸ்க்கை மாற்றும் நாளில் வருகிறது. அந்த நாளில் டேட்டாவை அழிப்பது பெரும்பாலும் டிஸ்க் அல்ல, அவசரப்படும் நம் கைதான். அதற்கு முன்கூட்டியே தயாராகாதவர்கள் ரெய்ட் அமைக்காமல் இருப்பதே நல்லது.

ரெய்ட் என்றால் என்ன?

1988ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில், பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். பல டிஸ்க்குகள் இருந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும் அல்லவா? அதற்காக டேட்டாவை உபரியாகவும் எழுதி வைக்கும் வழிகளைச் சொன்னார்கள். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரின் சுருக்கமே ரெய்ட்.

வீட்டில் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் ரெய்ட் 1. இதனைக் கண்ணாடி ரெய்ட் எனலாம். ஒரு பைலைச் சேமித்தால் அது இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதப்படும். இந்த வேலையைத் தனி கார்டு எதுவும் இல்லாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டமே செய்தால் அது சாப்ட்வேர் ரெய்ட். லினக்ஸில் இதனைக் கையாள எம்.டி.ஏ.டி.எம். என்ற புரோகிராம் உள்ளது. விண்டோஸில், 2012ல் வெளியான விண்டோஸ் 8 முதல் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி தரப்படுகிறது. கீழே லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ் பயன்படுத்துவோருக்கும் பிரச்சினை இதேதான்.

சத்தம் இல்லாத விபத்து

ரெய்டின் பெரிய பலம், ஒரு டிஸ்க் விழுந்தாலும் சர்வர் நிற்காமல் ஓடுவது. வீட்டுப் பயனாளருக்கு இதுவே பெரிய ஆபத்தாகவும் மாறுகிறது. பாட்டு ஓடுகிறது, பைல்கள் திறக்கின்றன, எல்லாம் வழக்கம் போல நடக்கிறது. ஒரு டிஸ்க் மூன்று மாதங்களுக்கு முன்பே விழுந்துவிட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் விழும் நாளில்தான் தெரியவரும்.

லினக்ஸில் இதனைத் தெரிந்து கொள்வது எளிது. ப்ராக் போல்டரில் எம்.டி.ஸ்டாட் என்ற பைலைத் திறந்து பாருங்கள். இரண்டு டிஸ்க்குகளும் நலமாக இருந்தால் சதுர அடைப்புக்குள் இரண்டு யு எழுத்துகள் இருக்கும். ஒன்று விழுந்திருந்தால் அந்த இடத்தில் அடிக்கோடு மட்டும் இருக்கும். ஆனால் தினமும் யார் இதைத் திறந்து பார்ப்பார்கள்? எனவே டிஸ்க் விழுந்தவுடன் மின்னஞ்சல் அனுப்பும்படி எம்.டி.ஏ.டி.எம். புரோகிராமை அமைத்திடுங்கள். சோதனைக்காக ஒரு மெயில் அனுப்பும் வசதியும் அதில் உண்டு. அந்த மெயில் உண்மையில் வந்து சேர்கிறதா என்று பார்க்கும் வரை வேலை முடிந்ததாகக் கருத வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்குகள் தம் நலம் பற்றித் தாமே வைத்திருக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டையும் பார்க்கலாம். அதில் 5 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப் போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். இவை ஏறிக் கொண்டே போனால் புதிய டிஸ்க் வாங்கப் பணம் எடுத்து வையுங்கள். 199ம் வரி மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் சாட்டா கேபிளைப் பாருங்கள். தளர்ந்த கேபிளால் நல்ல டிஸ்க் ரெய்டில் இருந்து வெளியேற்றப்படுவது உண்டு.

ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தூங்கிவிடவும் கூடாது. கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் சர்வர்களில் இருந்த 1,00,000க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007ல் முடிவுகளை வெளியிட்டனர். கெட்டுப் போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்னதாகக் காட்டவில்லை என்று அவர்கள் கண்டனர். சொல்லிக் கொள்ளாமலே போகும் டிஸ்க்குகள் அதிகம்.

பெயரை நம்பாதீர்கள்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். எஸ்.டி.பி. என்ற டிஸ்க் விழுந்துவிட்டது என்று மெயில் வருகிறது. பெட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளே ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே அளவில் இரண்டு டிஸ்க்குகள். இவற்றில் எது எஸ்.டி.பி.?

மேலே இருப்பது முதல், கீழே இருப்பது இரண்டாவது என்று முடிவு செய்துவிடாதீர்கள். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்பவை லினக்ஸ் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும், டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் வைக்கும் பெயர்கள். ஒரு பிளாஷ் டிரைவைச் செருகி வைத்து ரீஸ்டார்ட் செய்தால்கூடப் பெயர்கள் மாறலாம். நேற்று எஸ்.டி.பி. ஆக இருந்தது இன்று எஸ்.டி.சி. ஆகலாம். என்றும் மாறாதது டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் அச்சிடப்பட்ட சீரியல் எண் மட்டுமே.

நான் வலியுறுத்தும் வேலை இதுதான். செலவு ஒரு ஸ்டிக்கர். ரெய்ட் அமைக்கும் நாளிலேயே ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் பார்த்து, கடைசி நான்கு எழுத்துகளைப் பெரிதாக எழுதி, பெட்டியைத் திறந்தவுடன் தெரியும் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த இடத்தில் எந்த எண் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். லினக்ஸில் ஸ்மார்ட் சி.டி.எல். என்ற கட்டளை, டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தால் அதன் சீரியல் எண்ணைக் காட்டும்.

முழுவதும் செத்துப் போன டிஸ்க் தன் எண்ணைச் சொல்லாது. அப்போது நேர்மாறாகச் செய்யுங்கள். உயிரோடு இருக்கும் டிஸ்க்குகளின் எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத எண் எந்த டிஸ்க்கில் உள்ளதோ, அதுவே கழற்ற வேண்டிய டிஸ்க்.

மாற்றிக் கழற்றினால் என்ன ஆகும்?

மூன்று மாதங்களுக்கு முன் விழுந்த டிஸ்க் முழுவதும் சாகவில்லை என்று வைத்துக் கொள்வோம். அன்றைய நிலையில் அதன் டேட்டா உறைந்து நிற்கிறது. நீங்கள் தவறுதலாக நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதிய டிஸ்க்கை மாட்டி, சர்வரை ஓட விடுகிறீர்கள். சர்வர் அந்தப் பழைய டிஸ்க்கை வைத்தே பூட் ஆகிவிடலாம். பார்த்தால் எல்லாம் இருப்பது போலத் தெரியும். கடந்த மூன்று மாதங்களில் சேமித்தவை மட்டும் இருக்காது.

இதனைக் கவனிக்காமல், கழற்றிய நல்ல டிஸ்க்கையும் “நன்றாகத்தானே இருக்கிறது” என்று மீண்டும் ரெய்டில் சேர்த்தால், பழைய டேட்டா அதன் மீது முழுவதுமாக எழுதப்பட்டுவிடும். அந்த மூன்று மாதங்கள் அதோடு போயின. ரெய்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நாம்தான் எது அசல், எது பழைய நகல் என்று மாற்றிச் சொல்லிவிட்டோம்.

மாற்றும் வரிசை

டிஸ்க் விழுந்த செய்தி வந்ததும் ஸ்குரூ டிரைவரைத் தேட வேண்டாம். முதலில் முக்கியமான பைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்திடுங்கள். அடுத்து, விழுந்த டிஸ்க்கின் சீரியல் எண்ணை உறுதி செய்திடுங்கள். பின்னர் அந்த டிஸ்க் கெட்டுவிட்டது, அதை நீக்கு என்று எம்.டி.ஏ.டி.எம். மூலம் ரெய்டுக்குச் சொல்லுங்கள். இதன் பிறகு சர்வரை முறையாக ஷட் டவுன் செய்து, பவர் கேபிளையும் எடுத்துவிட்டு, லேபிளில் உள்ள எண்ணைச் சரிபார்த்த பின்னரே டிஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

புதிய டிஸ்க்கை மாட்டி, பழையதைப் போலவே பார்ட்டிஷன் பிரித்து ரெய்டில் சேர்த்தவுடன், நல்ல டிஸ்க்கில் இருந்து காப்பி ஆகத் தொடங்கும். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 150 எம்.பி. வேகம் என்றால், 4 டி.பி. டிஸ்க்குக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம். அத்தனை நேரமும் உங்கள் டேட்டா ஒற்றை டிஸ்க்கில்தான் இருக்கிறது. மின்சாரம் அடிக்கடி போகும் பகுதி என்றால் யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அதே ரெய்டில் இருந்தால் இன்னொரு வேலை உண்டு. புதிய டிஸ்க்கில் பூட் லோடரைத் தனியாகப் பதிய வேண்டும். ரெய்ட் அதைத் தானாகச் செய்துவிடாது. இதை மறந்தால், பின்னொரு நாள் பழைய டிஸ்க் விழும்போது டேட்டா இருந்தும் சர்வர் பூட் ஆகாது.

புதிய டிஸ்க் வாங்கும்போது

பழையதைவிடச் சிறிய டிஸ்க்கை ரெய்ட் ஏற்றுக் கொள்ளாது. 4 டி.பி. என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் டிஸ்க்குக்கும் மற்றொன்றுக்கும் சிறிய வித்தியாசம் இருக்கலாம். எனவே ரெய்ட் அமைக்கும்போதே டிஸ்க்கின் கடைசியில் சிறிது இடத்தைக் காலியாக விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

எழுதும் முறையையும் கேளுங்கள். எஸ்.எம்.ஆர். என்ற முறையில் டிராக்குகள் ஓட்டு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். இடம் மிச்சம், ஆனால் தொடர்ந்து எழுதும்போது வேகம் மிகவும் குறைந்துவிடலாம். நாஸ் பெட்டிகளுக்கு என்றே விற்ற ரெட் வரிசையில், 2 முதல் 6 டி.பி. வரையிலான சில மாடல்களில் இந்த முறை இருப்பதை 2020 ஏப்ரலில்தான் வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளிப்படையாகச் சொன்னது. அட்டையில் நாஸ் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. மாடல் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்த பின் வாங்குங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

ரெய்ட் என்பது பேக் அப் அல்ல. ஒரு போல்டரைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் புகுந்தால் இரண்டிலும் புகும். இடி இறங்கிப் பெட்டி கருகினால் இரண்டும் சேர்ந்தே கருகும். ரெய்ட் காப்பது, ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காமல் இருப்பதை மட்டுமே. ஒரு மணி நேரம் சர்வர் நின்றாலும் வியாபாரம் கெடும் கடைக்கு அது மிகவும் தேவை. போட்டோக்களையும் சான்றிதழ்களின் ஸ்கேன் பைல்களையும் வைத்திருக்கும் வீட்டுக்கு அது அவ்வளவு அவசரமா?

எனவே, இரண்டு டிஸ்க் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், இரண்டையும் ஒரே பெட்டிக்குள் மாட்டாதீர்கள். ஒன்றைக் கம்ப்யூட்டரில் வையுங்கள். இன்னொன்றில் வாரம் ஒரு முறை காப்பி எடுத்து, கேபிளைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மூன்றாவது வாங்க முடிகிற அன்று ரெய்ட் பற்றி யோசிக்கலாம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு நான்கு டிஸ்க் பெட்டி விற்பதே லாபம்.

அதையும் மீறி ரெய்ட் அமைக்கிறீர்களா? முக்கியமான பைல் எதையும் அதில் போடும் முன், ஓர் ஒத்திகை பாருங்கள். சில பாட்டு பைல்களை மட்டும் காப்பி செய்து, சர்வரை நிறுத்தி, ஒரு டிஸ்க்கைக் கழற்றி, மீண்டும் ஓட விடுங்கள். மெயில் வருகிறதா? ஸ்டிக்கரைப் பார்த்து எந்த டிஸ்க் என்று உடனே சொல்ல முடிகிறதா? அந்த டிஸ்க்கை மீண்டும் சேர்த்து, இரண்டு யு எழுத்துகளும் திரும்ப வரும் வரை கொண்டு செல்ல முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் போட்டோக்களை ஏற்றுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அதைச் சரி செய்த பின்னர் ஏற்றுங்கள்.