இளையோர் நாவல் என்றால் இளப்பமா?

இளையோர் நாவல்களைப் படித்தே மாணவர்களின் எழுத்து கெட்டுவிட்டதாம். ஆங்கில வகுப்பில் செவ்வியல் நூல்கள் மட்டும் போதுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டிருப்பது தவறான ஆள்.

அமெரிக்காவின் டல்சா நகரில் எஸ்.இ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' என்ற இளையோர் நாவலை எழுதத் தொடங்கியது 15 வயதில். 1967இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. அதை எழுதிக்கொண்டிருந்த ஆண்டில், படைப்பெழுத்து வகுப்பில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் 'டி'. இப்போது சொல்லுங்கள், கோளாறு நாவலிலா, வகுப்பிலா?

நாவலுக்குள்ளும் இதே கதைதான். ஆங்கிலத்தில் தோற்கும் நிலையில் இருக்கும் கதைசொல்லி போனிபாயிடம், நல்ல கட்டுரை ஒன்று எழுதினால் தேர்ச்சி தருவதாக ஆசிரியர் சொல்கிறார். அவன் எழுதும் கட்டுரைதான் நாம் படித்து முடித்த நாவல். அதன் முதல் வாக்கியமே கடைசி வாக்கியமாகவும் வருகிறது. கதைக்கட்டு பற்றி இதைவிட நல்ல பாடம் எந்த வழிகாட்டி நூலில் இருக்கிறது?

இளையோர் நாவல்கள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சாதிக்கவில்லை, குப்பையும் உண்டு. ஆனால் மாணவரின் குரலை நெரிப்பது முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்ற வார்ப்புக் கட்டுரைதான். ஷேக்ஸ்பியரைத் தாராளமாக நடத்துங்கள். அவருடைய ஜூலியட்டுக்கும் இன்னும் 14 வயது நிரம்பவில்லை. பக்கத்திலேயே ஹின்டனையும் வையுங்கள். தடை போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அந்த வார்ப்புக்குப் போடுங்கள்.