ஊமை மணியால் என்ன பயன்?

1987 ஜனவரி. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை. கண் அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மயக்கம் கொடுத்தாகிவிட்டது, தசைகளைச் செயலற்றதாக்கும் மருந்தும் ஏறிவிட்டது. இனி நோயாளி தாமாக மூச்சுவிட முடியாது. யந்திரம்தான் அவருக்காக மூச்சுவிட வேண்டும்.

காலை சுமார் 11.05. மூச்சுக் குழாய் இணைப்பில் கழன்றது. பிராணவாயு நின்றது. 11.14-க்கு இதயம் நின்றது. இடையில் ஒரு மணி அடித்தது. எப்போது? சுமார் நாலரை நிமிடம் கழித்து! அதுவும் மூச்சைக் காக்கும் மணியல்ல. ரத்த அழுத்தக் கருவியின் மணி!

மயக்கமருந்து டாக்டர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 1994-ல் பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. நோயாளியின் மார்பு அசையாததைக் காணத் தவறியது குற்றமே, மறுப்பார் இல்லை. ஆனால், ஒருவரைத் தண்டித்ததோடு கதை முடிந்ததா?

1978-லேயே அமெரிக்காவில் ஜெஃப்ரி கூப்பர் குழுவினர் ஆராய்ந்து சொன்னார்கள்: தடுத்திருக்கக்கூடிய மயக்கமருந்து விபரீதங்களில் 82 சதவிகிதம் மனிதத் தவறு, குழாய் கழல்வது அடிக்கடி நேர்வது. யந்திரமும் மனிதனை ஏமாற்றும். கீழ்நோக்கித் தொங்கும் துருத்தி கொண்ட பழைய யந்திரத்தில் குழாய் கழன்றாலும், துருத்தி தன் எடையால் இறங்கி, அறைக்காற்றை இழுத்து, மீண்டும் ஏறும். பார்ப்பவருக்கு வேலை நடப்பதாகவே தோன்றும். உள்ளே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்!

ஆகவேதான் 1986-ல் வெளியான ஹார்வர்டு விதிகள், யந்திரம் மூச்சு கொடுக்கும்போது குழாய் கழன்றால் காதில் விழும்படி மணி அடிக்கும் கருவி இருந்தே தீரவேண்டும் என்றன.

மணி இருந்தால் மட்டும் போதுமா? காரணமின்றி நூறு தடவை கத்தும் மணியை, நூற்றியோராவது தடவை யார் மதிப்பார்? தொல்லை என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. உற்பத்தி தடைபடக்கூடாதென்று பாய்லரின் சேஃப்டி வால்வைக் கட்டிவைத்தால் என்ன ஆகும்? வெடித்த பிறகு பழி யார் தலையில் விழும்? அருகே நின்றவன் தலையில்!

மணியை அடக்கிய கையை மட்டும் தேடினால் போதாது. அடக்கத் தூண்டிய நிலைமையையும் தேடவேண்டும். பொய் சொல்லாத மணி வேண்டும். அதைச் சோதிக்க நேரம் வேண்டும். அடித்தவுடன் கவனிக்க ஆள் வேண்டும்.

சோதனை கடினமல்ல. நோயாளி வருமுன் யந்திரத்தை ஓடவிட்டு, குழாயைக் கழற்றிப் பாருங்கள். மணி அடிக்கிறதா? அடிக்காவிட்டால், அந்த யந்திரத்தில் மனிதனைப் பூட்டாதீர்கள்!