கடவுச்சீட்டா கற்பிக்கும்?

பட்டம் பெற்று வெளியேறும் கலைப்பீட மாணவரை முதலில் எதிர்கொள்வது தொழில் பற்றிய வினாவாகும். ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றோருக்கு அதற்கு எளிய விடையொன்று உண்டெனப் பலர் கருதுகின்றனர். வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கலாமே என்பதே அவ்விடை. கேட்பதற்கு நல்ல ஆலோசனைதான். ஆயின் அவ்வாயிலில் நிற்கும் காவலன் நம்மிடம் முதலிற் கேட்பது யாது? பட்டமன்று, பயிற்சியன்று, கடவுச்சீட்டே ஆகும்.

எனது ஊராகிய பண்டத்தரிப்பில் நான் கண்டதொன்றை இங்கு கூறுதல் பொருந்தும். ஒன்றுவிட்ட சகோதரியர் இருவர். ஒருத்தி ஊரிலே படித்து ஆங்கிலத்திற் சிறப்புப் பட்டம் பெற்றவள். இரண்டாண்டுகள் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கற்பித்தவள். மற்றவள், பெற்றோர் புலம்பெயர்ந்தமையாற் கனடாவிற் பிறந்து, அங்கு வணிகவியற் பட்டம் பெற்றவள். கரும்பலகையின் முன் ஒருநாளேனும் நின்றறியாதவள். இருவரும் தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பித்தனர். வணிகவியல் கற்றவளுக்கு வேலை கிடைத்தது. ஆங்கிலம் கற்றவளுக்கு, தங்கள் நாட்டினரை ஏற்பதற்கில்லை என்று ஒருவரிப் பதில் கிடைத்தது.

இது தனியொரு நிறுவனத்தின் தவறன்று. தென்கொரியா ஆங்கில ஆசிரியருக்கு வழங்கும் விசா, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கென வகுக்கப்பட்டது. அவர்கள் எத்துறையிற் பட்டம் பெற்றிருப்பினும் போதுமானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் மாத்திரம் விண்ணப்பிக்க என்னும் விளம்பரங்களை ஆசியாவின் பிற நாடுகளிலும் காணலாம்.

ஒரு மொழியிற் பிறந்தவரே அம்மொழியைக் கற்பிக்க வல்லவர் என்னும் இக்கொள்கைக்கு அறிவுலகில் ஆதாரம் இல்லை. ரொபர்ட் பிலிப்சன் 1992 இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு போலிக் கோட்பாடென்றே கண்டித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, நமது வகுப்பறைகளையே ஆய்வுக்களமாகக் கொண்டு 1999 இல் எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்படுகிறது. ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேசச் சங்கமாகிய ரீசோல், தாய்மொழி நோக்கிப் பாகுபாடு காட்டுதலை 2006 இல் வெளிப்படையாக எதிர்த்தது. அறிஞர் மறுத்தனர், சந்தை கேட்கவில்லை.

கற்பித்தலின் இயல்பை நோக்கினும் இது தெளிவாகும். தமிழிற் போலவே கொரிய மொழியிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தின் 'எ', 'த' என்னும் முன்னடைகளுக்கு நிகரானவை இவ்விரு மொழிகளிலும் இல்லை. எனவே கொரிய மாணவன் எவ்விடத்தில் இடறுவான் என்பதை, அவ்விடத்திலேயே தானும் இடறியெழுந்த தமிழன் அறிவான். ஆங்கிலத்தை மழலையிலேயே பெற்றவனுக்கு அத்தகைய இடர் ஒன்று உண்டென்பதே பயிற்சியின்றித் தெரிவதில்லை.

நமது வரலாறும் இதற்குச் சான்று பகரும். அமெரிக்க மிஷன் மருத்துவரான ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பிலே தங்கிப் பணியாற்றியவர். உடுவிலிற் பணிபுரிந்த மைரன் வின்சுலோ 1862 இல் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதியை நம் அறிஞர் இன்றும் எடுத்தாள்கின்றனர். அமெரிக்காவிற் பிறந்தவன் தமிழுக்கு அகராதி செய்யலாமோ என்று எவரும் வினவவில்லை. உழைத்துக் கற்றவனின் தகுதியை நாம் மதித்தோம். அம்மதிப்பை மறுதலையாக எதிர்பார்ப்பது எவ்வாறு பிழையாகும்?

பெற்றோர் விரும்பும் உச்சரிப்பையே தாம் வழங்குவதாக நிறுவனத்தார் கூறுவர். வாடிக்கையாளர் விருப்பம் என்பது அநீதியை நீதியாக்கிவிடாது. பிறப்பை நோக்கி வாயிலடைத்தலை நாம் வேறு பெயரில் நன்கறிவோம். வலிகாமத்து மாவிட்டபுரத்தில் 1968 இல் ஆலயப் பிரவேசம் கோரி நின்றோரிடமும் பிறப்பே கேட்கப்பட்டது. அன்று வாயிலின் உட்புறம் நின்ற சமூகம், இன்று வேறொரு வாயிலின் வெளியே நிற்கிறது. அந்நாளின் பாடத்தைக் கற்காமல் இந்நாளின் அநீதியைக் கண்டிப்பதற்கு நமக்கு என்ன அருகதை?

உண்மையில் அந்நோய் இன்னும் நம்முள்ளே உறைகின்றது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் கற்பிக்கிறார் என்றதும் ரியூற்றரி வாசலிற் கூட்டம் சேர்கிறது. கிராமத்துப் பாடசாலையிற் படித்து ஆசிரியரானவரின் உச்சரிப்பைக் கேட்டு நகைப்போரும் நம்மவரே. கொரியாவின் விசாச் சட்டத்தை நாம் எழுதவில்லை. ஆனால் அதன் பிரதியொன்றை நம் வீட்டிலேயே வைத்திருக்கிறோம்.

அப்படியாயின் ஊரிலேயே இருங்கள் என அறிவுரை கூறுவோரும் உளர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. நம் பாட்டன்மார் மலாயாவுக்கு எழுதுவினைஞராகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடுகள் எழுந்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில், வெளிநாடு சென்று உழைப்பதற்கென அரச ஊழியருக்கு ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை வழங்க அரசே முன்வந்தது. இன்று நம் ஆசிரியர் பலர் மாலைதீவிற் பணிபுரிகின்றனர். போவது குற்றமன்று. சமமாக மதிக்கப்பட்டுப் போகவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

அதற்குச் செய்யத்தக்கன உள. இந்தியா தென்கொரியாவுடன் செய்துகொண்டு 2010 இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கையினால், ஆசிரியர் தகைமையுடைய இந்தியருக்கு ஒரு சிறு கதவு திறந்தது. அரசு பேசினாற் கதவு திறக்கும் என்பதற்கு இதுவே சான்று. நமது அரசும் பணிப்பெண்களையும் தொழிலாளரையும் அனுப்புவதற்குப் பேசும் அதே மேசையில் ஆசிரியருக்காகவும் பேசுதல் வேண்டும். ஆங்கிலப் பட்டநெறியோடு வகுப்பறைப் பயிற்சியையும் பல்கலைக்கழகங்கள் இணைத்துச் சான்றளித்தல் வேண்டும். பிறநாட்டு நிறுவனத்திடம் பெருந்தொகை செலுத்தித் தகுதியை விலைக்கு வாங்கும் நிலை அப்போது குறையும். பட்டதாரிகளாகிய நாம் இரவல் உச்சரிப்புக்குள் ஒளியாது, கற்றதையும் கற்பித்ததையும் முன்வைத்தே வேலை கேட்டல் வேண்டும்.

பண்டத்தரிப்புப் பட்டதாரி மீண்டும் விண்ணப்பித்துக் கொண்டிருக்கிறாள். காலையில் ஊர்ப்பிள்ளைகள் அவளிடம் ஆங்கிலம் கற்கின்றனர். அவள் எந்நாட்டவள் என்று அப்பிள்ளைகள் கேட்பதில்லை. பாடம் விளங்குகிறதா என்பதையே பார்க்கின்றனர். ஆசிரியரை அளக்க அதனினும் நல்ல கோல் வேறில்லை.